மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு மாடு

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எதையாவது விற்கிறார்கள். பெரிய அண்ணன் துணி, சின்ன அண்ணன் பாத்திரம், அத்தான் பூட்டு. நான் ஒருவன்தான் யாரும் விலை கேட்காத சரக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். வயலில் விடுகிற சாணத்திலிருந்து எவ்வளவு வாடை கிளம்புகிறது என்று அளந்து சொல்வது என் உத்தியோகம். "உங்க தம்பி என்ன பண்றாரு?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், பெரிய அண்ணன் துணியை மடித்தபடியே, "காத்து சம்பந்தப்பட்ட வேலை" என்பார். கேட்டவர் மின்விசிறி வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அதை நான் இதுவரை திருத்தியதில்லை.

வேலை என்னவோ சுலபமானதுதான். சாணமும் மூத்திரமும் கலந்த கரைசலை வயலில் விட்டால் அதிலிருந்து அமோனியா கிளம்பிக் காற்றோடு போய்விடும். பயிருக்குச் சேர வேண்டியது பக்கத்து வீட்டு மூக்குக்குச் சேரும். எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மூக்கையும் நம்ப முடியாது, அது பத்து நிமிடத்தில் சமாதானமாகிவிடும். அதனால் வயலின் நடுவில் ஒரு கம்பம் நடுவோம். அதில் தரையை ஒட்டி ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தலைக்கு ஒன்று, உச்சியில் மூன்று மீட்டரில் ஒன்று என ஐந்து குழாய்கள் இருக்கும். காற்று அடிக்கும் பக்கம் திரும்பிக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். உள்ளே அமிலத்தில் தோய்த்து உலர்த்திய வடிகட்டித் தாள். காற்றில் வரும் அமோனியா அதில் ஒட்டிக்கொள்ளும். தாளைக் கழுவிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

வயலுக்கு வெளியே, காற்று வருகிற பக்கத்தில் இன்னொரு கம்பம் இருக்கும். காற்று வரும்போதே கையில் என்ன கொண்டுவந்தது என்று பார்ப்பதற்கு. மூட்டையை நிறுத்துவிட்டுச் சாக்கின் எடையைக் கழிப்பதில்லையா, அந்தக் கதைதான். இதற்கும் மேலே 'சும்மாத் தாள்' என்று ஒன்று உண்டு. அதை வயலுக்குக் கொண்டுபோவோம், திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவருவோம். அதில் அமோனியா இருந்தால் தப்பு வயலில் இல்லை, நம்மிடம் என்று அர்த்தம். அலுவலகத்தில் என்னையும் சிலர் சும்மாத் தாள் என்று சொல்வதாகக் கேள்வி. ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆதாரம் என்றதும் எங்கள் மேலதிகாரி ஞாபகம் வருகிறார். எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "சார், மழை பெய்யுது" என்றாலும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். தாள்களைக் கழுவிக் கணக்கெடுக்கிற ஆய்வகப் பெண்ணுக்குப் பெயர் கால் மில்லி. கால் மில்லி லிட்டர் கூடிப்போனால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளை எப்படிப் பிழைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

இந்தத் தடவை நாங்கள் அளக்க வேண்டியிருந்தது பண்ணைக்காரம்மாவின் வயலை. எண்பது மாடு. வயலுக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் வீடுகள். முதல் நாள் நான் காரிலிருந்து இறங்கும்போதே வரப்பிலிருந்து குரல் வந்தது.

"நீங்கதான் நாத்தம் அளக்குறவரா?"

"அமோனியா, அக்கா."

"பேரு ஜோராத்தான் இருக்கு. ஆனா பள்ளிக்கூடத்துல ஜன்னலைச் சாத்துறப்ப யாரும் அந்தப் பேரைச் சொல்லல."

அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு நான் 'அளவுக்காரர்'.

பழைய முறையில் கரைசலைத் தொட்டியிலிருந்து ஒரு தகட்டில் பீய்ச்சி ஊருக்கே விசிறி அடிப்பார்கள். பண்ணைக்காரம்மா புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருந்தார். அது வட்டத் தகடுகளால் மண்ணைக் கீறி, கீறலுக்குள் கரைசலை விட்டுக்கொண்டே போகும். அனுமதிக் குழுவின் நிபந்தனை ஒரே வரி. புதிய முறையில் கிளம்பும் அமோனியா பழைய முறையில் பாதிக்குக் கீழே வந்தால் அந்த வயலில் தொடர்ந்து விடலாம். வராவிட்டால் ஒரு வாளிகூட விடக் கூடாது. கரைசலில் பாதிக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்படியானால் நாற்பது மாடுகளை விற்றாக வேண்டும்.

முதல் வாரம் வயலின் ஒரு பாதியில் பழைய முறையில் விட்டு அளந்தோம். அடுத்த வாரம் மறுபாதியில் புதிய இயந்திரம். இரண்டையும் ஒரே நாளில் அளந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதற்கு இன்னொரு கம்பம் வேண்டும். வாங்கத்தான் போனேன். நான் பேசிய பேரத்தில் விற்பவர் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாம் வாரத்துக்கான தாள்களைத் தயாரித்த நாளைப் பற்றித்தான் இனி சொல்ல வேண்டும். அதைத் தாண்டிப் போக வழியிருந்தால் போயிருப்பேன்.

அன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பலகையில் அறிவிப்பு: அனைவருக்கும் புதிய அடையாள அட்டை, பதினொரு மணிக்குப் புகைப்படம். நான் நேராகக் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வகிட்டில் சாக்பீஸால் கோடு போட்டதுபோல வெள்ளை. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆறு வருடமாகத் தேநீர் நேரத்தில் எல்லோரிடமும், "எங்க பரம்பரைக்கே நரை கிடையாதுங்க, அது உடம்பு வாகு" என்று சொல்லி வந்தவன். பெரிய அண்ணனின் தலை பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும். அதனாலேயே அவரை அலுவலகப் பக்கம் ஒருநாளும் வரவிட்டதில்லை.

மேசை இழுப்பறையில் முடிச்சாயம் இருந்தது. இரண்டு பெட்டி. அதை வாங்கிய கதையும் உண்டு. கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் 'அமோனியா இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இன்னொன்றில் அது இருந்தது, ஆனால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். "ஆயிரக்கணக்கான லிட்டர் கரைசல் நடுவுல நிக்கிறவன் நான். இந்த ரெண்டு ஸ்பூன் என்னை என்ன பண்ணிடும்?" என்று சொல்லிச் சிரித்தேன். கடைக்காரரும் சிரித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் சிரித்தால் வியாபாரி சிரிப்பார், நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

எங்கே வைத்துப் பூசுவது? கைகழுவும் இடத்துக்கு எல்லோரும் வருவார்கள். கட்டடத்திலேயே உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றுதான். தயாரிப்பு அறை. தண்ணீர்க் குழாய், தொட்டி, கண்ணாடி எல்லாம் உண்டு. கதவில் ஒரு பலகை: 'தாள் தயாரிப்பு நடக்கிறது. உள்ளே வரக் கூடாது. சென்ட், சிகரெட், சோப்பு வாடையோடு நெருங்கவும் கூடாது.' அதை எழுதியது நான். கையெழுத்துகூட என்னுடையதுதான்.

உள்ளே போய்த் தாழிட்டேன். வாடை வராந்தாவுக்குப் போய்க் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று காற்றுப்போக்கி விசிறியை அணைத்தேன். சாயத்தைக் கலந்து பூசி, தலையில் ஒரு பாலிதீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டேன். முப்பத்தைந்து நிமிடம் ஊற வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பது எங்கள் ரத்தத்திலேயே கிடையாது. அதனால் தாள்களை அமிலத்தில் தோய்த்துக் கம்பி வலையில் வரிசையாக உலர வைத்தேன், கைக்குட்டை காயப்போடுவதுபோல. உறை நழுவிக்கொண்டேயிருந்ததால் கழற்றி எறிந்துவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை. பெரிய அண்ணன் பார்த்திருந்தால் மறுநாளே கடையில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

இருபது தாள்கள் உலர்ந்தன. நடுக் கம்பத்துக்கு அவை சரியாகப் போதும். வெளிக் கம்பத்துக்கும் சும்மாத் தாளுக்கும் புதிதாக எதற்குச் செய்ய வேண்டும்? முதல் வாரத்தில் மிஞ்சியவை டப்பாவில் இறுக மூடிக் கிடந்தன. அவையே போதும் என்று முடிவு கட்டினேன். சிக்கனம்.

புகைப்படம் அற்புதமாக வந்தது. நாற்பதுதான் மதிக்கலாம். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன், இரண்டு நாள் நின்றேன், தாள்களைக் கொண்டுவந்து கால் மில்லியிடம் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துக் கணக்கு வந்தது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வித்தியாசம் பத்து சதவீதம். வேண்டியிருந்தது ஐம்பது.

இதைக் கடிதமாக அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பண்ணைக்காரம்மாவே வந்துவிட்டார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து காகிதத்தை ஒரு தடவை படித்தார். திருப்பி வைத்துப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பத்துதானா?"

"ஆமாக்கா."

"வயல்ல நின்னா எனக்கே வித்தியாசம் தெரியுதே. பள்ளிக்கூடத்துல இந்த வாரம் ஜன்னலைத் தொறந்து வெச்சிருந்தாங்களே."

"மூக்கு சொல்றதை எழுத முடியாதுக்கா. தாள் சொல்றதைத்தான் எழுதணும்."

"சரி." எழுந்து நின்றார். கத்துவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. "அப்ப ஒரு உதவி பண்ணுங்க, அளவுக்காரரே. பத்து நாள்ல குழு கூடுது. அதுக்குள்ள தொழுவத்துக்கு ஒரு நடை வாங்க. எந்த நாப்பதுன்னு நீங்களே கையைக் காட்டிட்டுப் போங்க. எனக்குக் காட்டத் தெரியல."

அவர் போன பிறகு மேசை மேல் இருந்த தேநீர் அப்படியே ஆறிப்போனது. பேரத்தில் தோற்றால் எனக்கு ஆத்திரம்தான் வரும். இது வேறு ஏதோ ஒன்று. பெயர் தெரியாததால் அதை அளக்கவும் முடியவில்லை.

மத்தியானம் கால் மில்லி கையில் வரைபடத்தோடு வந்தாள்.

"சார், இதைப் பாருங்க. கீழ இருந்து மேல போகப் போக குறையணும் இல்லையா?"

"குறையணும்."

"முதல் வாரம் அழகாக் குறையுது. உச்சில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது வாரம் பாருங்க. தலை உயரத்துலயும் அதே, மூணு மீட்டர்லயும் அதே. கோடு நட்ட கம்பம் மாதிரி நிக்குது. மூணு மீட்டர் உயரத்துல மாடு பறந்துச்சா சார்?"

"காத்து சுழன்றிருக்கும்."

"சுழன்றா வெளிக் கம்பத்துலயும் கொஞ்சம் ஏறணும். அது சுத்தமா இருக்கு. சும்மாத் தாளும் சுத்தம். நடுக் கம்பத்துத் தாள் இருபதுலயும் மட்டும் ஒரே அளவு கூடுதலா ஒட்டியிருக்கு. அதைக் கழிச்சுப் பார்த்தா அந்தம்மாவோட வயல்ல கிளம்பினது ரொம்பக் குறைச்சலாத்தான் வருது. வயல்ல ஒட்டினது இல்ல சார் இது. வயலுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கு." தயாரிப்பு ஏட்டைத் திறந்தாள். "இந்த இருபதும் ஒரே நாள்ல செஞ்சது. தயாரிச்சது நீங்க. ஒன்பதரைல இருந்து பத்தரை வரைக்கும். அன்னிக்கு அந்த ரூம்ல என்ன நடந்துச்சு?"

நான் குனிந்து பார்த்தேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் கன்னங்கரேலென்ற தலையோடு ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை, தப்பிக்கத்தான் நேரம் வேண்டியிருந்தது. ஆதாரம் சாரிடம் போய், "சார், ரெண்டாவது வாரத் தாள்ல ஏதோ கலந்திருக்கும்னு சந்தேகம். இன்னொரு தடவை அளந்துடலாமா?" என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"சந்தேகம்னு சொல்லி ஒரு அளவைக் கிழிச்சுப் போட முடியாதுய்யா. அப்புறம் கணக்கு பிடிக்காத ஒவ்வொருத்தரும் சந்தேகத்தோட வந்து நிப்பாங்க. காரணம் என்னன்னு தெரியணும், நிரூபிக்கணும், பிழைக் குறிப்புல எழுதணும். அதைக் குழுக் கூட்டத்துல வாசிப்பாங்க. அப்பதான் மறு அளவு. இல்லேன்னா பத்து சதவீதம் நிக்கும்."

"வாசிப்பாங்களா சார்? சத்தமாவா?"

"பின்ன, கையால ஜாடையா காட்டுவாங்க?"

திரும்பி வந்து வாழ்நாளில் பழகிய வித்தையை எடுத்தேன். பேரம். கால் மில்லியிடம், "தரை துடைக்கிற திரவம் ஒண்ணு இருக்கே, அதுல அமோனியா கலந்துதானே வருது? துடைக்கிற அம்மா அன்னிக்கு அந்தப் பக்கம் வந்திருப்பாங்க" என்றேன்.

"அந்த ரூம் சாவியே அவங்ககிட்ட கிடையாது சார். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. அப்ப நான்தான்னு எழுதிடுங்க."

ஒரு கணம் அதையும் யோசித்தேன். மறைப்பானேன்? முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஏட்டை மூடினாள்.

"அவங்க வேலை போகும். இல்லேன்னா என் வேலை போகும். இல்லேன்னா நாப்பது மாடு போகும். உங்களுக்கு எது போகும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே சார்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் தலையணை உறை ஒன்றை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு கரிய வட்டம், ஆறு வருடத்து வட்டம்.

"இதை நான் எத்தனை சோப்பு போட்டுத் தேய்ச்சிருக்கேன் தெரியுமா? ஏங்க, எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க. அந்தம்மாவோட நாப்பது மாடு எங்க, உங்க தலையில இருக்கிற நாலு முடி எங்க?"

"நாலுன்னு சொல்லாதே."

"சரி, அஞ்சு."

மறுநாள் காலை பிழைக் குறிப்பை எழுதினேன். வியாபாரி வீட்டுப் பிள்ளை, ஓட்டைத் துணியையும் மடித்துக் காட்டத் தெரியும். 'தயாரிப்பாளர் தம் உடல் சார்ந்த தனிப்பட்ட நடவடிக்கை ஒன்றில் ஈடுபட்டிருந்தபோது வெளிப்பட்ட வாயுவின் காரணமாக' என்று தொடங்கினேன். ஆதாரம் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வயித்துக் கோளாறா?"

"இல்ல சார்."

"இதைப் படிச்சா அப்படித்தான்யா இருக்கு. வெளிப்பட்ட வாயுன்னா என்ன அர்த்தம்?"

"முடிச்சாயம் சார்."

அவர் என் தலையைப் பார்த்தார். மழை பெய்கிறதா என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிற அதே பார்வை.

"அப்ப முடிச்சாயம்னே எழுது. விசிறியை அணைச்சதையும் எழுது. மிச்சத் தாளை வெளிக் கம்பத்துல போட்டதையும் எழுது." பேனாவை என் கையில் கொடுத்தார். பிறகு, எதிர்பார்த்ததுதான்: "ஆதாரம்?"

ஆதாரம் இழுப்பறையில் இருந்தது. இலவசமாக வந்த இரண்டாவது பெட்டி.

முடிவு இதுதான். நான் அதே அறையில், அதே நேரத்தில், விசிறியை அணைத்துவிட்டு, அதே சாயத்தை மறுபடியும் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். பக்கத்தில் புதிய தாள்கள் உலர வேண்டும். அதே அளவு ஒட்டினால் காரணம் நிரூபணம். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் சாட்சியாகப் பண்ணைக்காரம்மா இருப்பார். ஆதாரம் சாருக்கு இது போதவில்லை. "எவ்வளவு நேரத்துல எவ்வளவு கிளம்புதுன்னும் தெரிஞ்சா நல்லது. கிடங்குல அந்தப் பழைய கூண்டு இருக்கா?"

கூண்டு என்பது கம்பங்கள் வருவதற்கு முன் நாங்கள் வைத்திருந்த கருவி. அடிப்பக்கம் திறந்த ஒளி ஊடுருவும் பெட்டி. சாணம் விட்ட தரையில் கவிழ்த்து, ஒரு பக்கம் குழாய் வழியாகக் காற்றை அனுப்பி, மறுபக்கம் வெளியே வரும் காற்றை அமிலத்துக்குள் குமிழி விடச் செய்வோம். அதற்குள் இயற்கையான காற்று அடிக்காது, வெயிலும் மாறிப்போகும், கணக்கு உண்மையோடு ஒட்டாது என்று நான்தான் கட்டுரை எழுதிக் கூண்டைக் கிடங்குக்கு அனுப்பியிருந்தேன். அது இப்போது பழிதீர்க்க வந்தது.

கால் மில்லி அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். இருப்பதிலேயே சின்னது. புருவம் வரை இறங்கியது. மூச்சுக் காற்றிலும் அமோனியா உண்டு என்று சொல்லி நெற்றியைச் சுற்றித் துணியும் டேப்பும் ஒட்டினாள். நூலை எடுத்து முன்னிருந்து பின், காதிலிருந்து காது என்று என் தலையின் பரப்பை அளந்தாள். ஒரு துணிக் கடைக்காரனின் தம்பியைக் கெஜக்கோல் போட்டு அளக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். பம்பு உறுமியது. கண்ணாடிக் கூண்டுக்குள் என் தலை, கீழே குழாயில் குமிழி.

பண்ணைக்காரம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் குமிழியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"சினை ஊசி போடுறப்ப மாடு நிக்கிற மாதிரி நிக்கிறீங்களே, அதான் கேட்டேன்."

கால் மில்லி திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன் கூண்டுக்குள்ளிருந்தபடியே, அவளைப் பார்த்து. "என் தலை சாயம்னு நீங்க யாரும் கண்டுபிடிக்கலையா?"

"சார், உங்க வெள்ளைக் கோட்டோட காலரைப் பார்த்திருக்கீங்களா? அது எப்ப வெள்ளையா இருந்துச்சு?"

"பின்ன ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"பரம்பரைன்னு சொன்னீங்களே. பரம்பரைச் சொத்துல நாங்க எப்படித் தலையிடறது?"

இரண்டு நாளில் கணக்கு வந்தது. அன்று உலர்ந்த தாள்களிலும் வயலுக்குப் போன இருபது தாள்களிலும் கூடுதல் ஏறக்குறைய ஒன்றே. காரணம் நிரூபணம். கூண்டின் கணக்கும் வந்தது. ஆதாரம் சார் அதை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு எங்களை அழைத்தார். சதுர மீட்டருக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், பழைய முறையில் விசிறி அடித்த முதல் ஒரு மணி நேரத்தில் அந்த வயலிலிருந்து கிளம்பியதைவிட என் தலையிலிருந்து கிளம்பியது ஏழு மடங்கு.

பண்ணைக்காரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை பின்பக்கம் திருப்பவில்லை.

"அப்படின்னா பள்ளிக்கூடத்துப் பக்கம் விடக் கூடாதது என் வயலை இல்ல. இவர் தலையை."

சிரித்தார். ஆனால் நாற்காலியின் கையை அவர் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். மறு அளவுக்கு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கு இன்னும் வரவில்லை. புதிய இயந்திரம் உண்மையிலேயே பாதிக்குக் கீழே கொண்டுவருமா என்று எனக்கும் தெரியாது. குறைவு முப்பது சதவீதத்தில் நின்றுவிட்டால் என் மானமும் போய், மாடும் போய்விடும்.

முடிதிருத்துபவரிடம் போய் இயந்திரத்தால் ஒட்ட வெட்டச் சொன்னேன். "எவ்வளவு சார் விடணும்?" "கறுப்பு இருக்கிற வரைக்கும் எடுங்க." எடுத்து முடித்தபோது கண்ணாடியில் பெரிய அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

தாள்கள் அத்தனையும் புதிதாக, ஒரே நாளில், விசிறி ஓட ஓடத் தயாராயின. நடுக் கம்பத்துக்கு, வெளிக் கம்பத்துக்கு, சும்மாத் தாளுக்கு ஒன்றல்ல, மூன்று. மூன்று எதற்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அறைக்குள் விடுவதற்கு முன் கால் மில்லி என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து முகர்ந்து பார்த்தாள். மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

வயலில் இரண்டு நாள். இயந்திரம் கீறிக்கொண்டு போன தடங்களில் கரைசல் மண்ணுக்குள் கிடந்தது. வெயில் அதன் மேல் நேராகப் படவில்லை. பள்ளிக்கூடத்து ஜன்னல்களை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. முதல் நாள் காலை திறந்திருந்தன. மத்தியானமும் திறந்திருந்தன. இதை எங்கும் எழுத முடியாது. ஆனாலும் எண்ணிக்கொண்டேன், பதினான்கு ஜன்னல்.

கணக்கு வந்தது குழு கூடுவதற்கு முதல் நாள். வரைபடம் கீழே தடித்து, மேலே போகப் போக மெலிந்து, மூன்று மீட்டரில் ஒன்றுமில்லாமல் முடிந்தது. உச்சியில் எந்த மாடும் இல்லை. குறைவு ஐம்பத்தெட்டு சதவீதம்.

குழுக் கூட்டத்தில் பிழைக் குறிப்பை எழுத்தர் வாசித்தார். நல்ல கணீரென்ற குரல், பாவிக்கு. 'முடிச்சாயம்' என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தி, சரியாகத்தான் படிக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். அதனால் இரண்டு தடவை ஆயிற்று. எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. பிறகு அனுமதி கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் பண்ணைக்காரம்மா அனுமதிக் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"எண்பதும் இருக்கும்" என்றார், எனக்குச் சொன்னாரா தமக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அளவுக்காரரே, இப்பத்தான் பார்க்க நம்புற மாதிரி இருக்கீங்க. முன்னாடி இருந்த தலைக்கு நான் ஒரு கன்னுக்குட்டிகூட வித்திருக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் தொழிலில் இதைவிட நல்ல பாராட்டு வராது. வாங்கிக்கொண்டேன். பேரம் பேசவில்லை.

மறுநாள் அலுவலக வாசலில் காவலாளி என்னை நிறுத்தினார். அட்டையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறவர் உங்க தம்பிங்களா?"

புதிய படத்துக்கு மனுப் போட்டேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். அன்று காலை எதற்கோ தயாரிப்பு அறைப் பக்கம் போனேன். உண்மையாகவே வேறு எதற்கோதான். கதவு பூட்டியிருந்தது. என் சாவி மேசையில் இல்லை. திரும்பிப் பார்த்தால் வராந்தாவின் கோடியில் கால் மில்லி நின்றிருந்தாள். அவள் கோட்டுப் பையில் இரண்டு சாவிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் அங்கிருந்தே கேட்டது.